கணிதச் செல்வி சோபி ஜெர்மேன்

கணக்கு என்றாலே கசப்பு என்று எண்ணும் மாணவர் நம்மிடையே உளர். வாய்பாடும் வழிமுறையும் மட்டுமே கணிதம் என்று நாம் கருதிவிடுவதே அதற்குக் காரணம். அவற்றைக் கண்டறிந்த மாந்தரின் வரலாற்றையும் உடன் கற்றால் கணிதத்தின்பால் ஆர்வம் பிறக்கும். இதற்குச் சான்றாக விளங்கியவர் பிரான்சு நாட்டுக் கணித மேதை சோபி ஜெர்மேன் அம்மையார்.

அவர் 1776ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பாரிஸ் மாநகரில் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது அவருக்கு வயது 13. வெளியே கலவரம் மூண்டிருந்ததால், தந்தையாரின் நூலகமே அச்சிறுமிக்குத் துணையாயிற்று. அங்கே மொந்துக்லா என்பார் எழுதிய கணித வரலாற்று நூலில் ஆர்க்கிமிடீசின் முடிவைப் படித்தார். கி.மு. 212இல் ரோமானியர் சிராக்கூஸ் நகரைக் கைப்பற்றியபோது, அவ்வறிஞர் வடிவியல் ஆய்வில் தம்மை மறந்திருந்து, படைவீரன் ஒருவனால் கொல்லப்பட்டார் என்பது அக்கதை. உயிரச்சத்தையும் மறக்கச் செய்த அக்கலையைத் தாமும் கற்றே தீருவது எனச் சிறுமி உறுதி பூண்டார்.

பெண்ணுக்குக் கணிதம் தகாது என்று பெற்றோர் தடுத்தனர். இரவில் படிக்காதிருக்கும்பொருட்டு, அறையிலிருந்த விளக்கையும் கணப்பையும் ஆடைகளையும் அகற்றினர். அவரோ ஒளித்துவைத்த மெழுகுவத்தியை ஏற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தார். மைக்கூட்டில் மையே உறைந்துபோகும் குளிர் அது! மகளின் உறுதியைக் கண்ட பெற்றோர் இறுதியில் மனமிளகினர்.

1794இல் பாரிசில் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தோன்றியது. அங்கே பெண்களுக்கு இடமில்லை. எனவே அம்மையார் பாடக் குறிப்புகளை வரவழைத்துப் பயின்று, லெ பிளாங் என்ற மாணவரின் பெயரில் தம் கட்டுரையைப் பேராசிரியர் லக்ராஞ்சுக்கு அனுப்பினார். உண்மையறிந்த அப்பெரியார் வெகுளாமல் ஊக்கமளித்தார்.

1804 முதல் அதே பெயரில் ஜெர்மானிய மேதை காஸுக்கும் கடிதங்கள் எழுதினார். 1806இல் நெப்போலியனின் படை காஸ் வாழ்ந்த பிரன்சுவிக் நகருள் புகுந்தது. ஆர்க்கிமிடீசுக்கு நேர்ந்த கதி காஸுக்கும் நேருமோ என அம்மையார் அஞ்சினார். குடும்ப நண்பரான தளபதி ஒருவரிடம் அவரைக் காக்குமாறு வேண்டினார். தமக்காகப் பரிந்து பேசிய பெண் யாரெனத் தெரியாமல் காஸ் திகைத்தார். 1807இல் உண்மையறிந்தபோது, தடைகளை வென்ற அவருடைய துணிவையும் அறிவையும் மனமாரப் பாராட்டினார்.

அதிரும் தகட்டின் மேல் தூவிய மணல் கோலங்களாகப் படிவதை நாம் காணலாம். அவ்வதிர்வுகளின் கணிதத்தை ஆராய்ந்த அம்மையார், இரு முறை பரிசு கிட்டாதபோதும் தளராமல், 1816இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் பரிசை வென்றார். ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்ட, மீண்டும் பகா எண்ணே கிடைக்குமாயின், முதல் எண் சோபி ஜெர்மேன் பகா எண் எனப்படும். 5 அத்தகையது; அது 11ஐத் தருகிறது. 11உம் அத்தகையதே, அது 23ஐத் தருகிறது. மாணவர்களே, 7 அத்தகையதா எனக் கணக்கிட்டுப் பாருங்கள்.

1831ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் தமது 55ஆம் வயதில் அம்மையார் புற்றுநோயால் மறைந்தார்.

நூலொன்றில் படித்த வரலாறு ஒரு சிறுமியை மேதையாக்கியது. மற்றொரு மேதையைக் காக்கவும் முனையச் செய்தது. ஆகவே, கணக்கைக் கற்பிக்கும்போது அதன் வரலாற்றையும் நாம் சொல்லிக் கொடுப்போமாக. பெற்றோர்களே, இரவில் நம் பெண்மக்கள் நூலும் கையுமாக அமர்ந்திருந்தால், விளக்கை அணைக்காதிருப்போம்.