சம்பளத்தைக் கல்லூரிக்கே கொடுத்த பேராசிரியர்: பி.சி.ராய் கதை உங்களுக்கு ஏன் முக்கியம்?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஞாபகம் இருக்கா? நாலு வருஷம் படிச்சதுக்கும் அலுவலகத்தில் கேட்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். 'பட்டம் இருக்கு, திறமை இல்லை' என்ற புகார் இன்று நேற்று வந்ததில்லை. 130 வருஷத்துக்கு முன் கல்கத்தாவிலும் இதே பேச்சுதான். அதற்குத் தன் வகுப்பறையிலிருந்தே பதில் தேடியவர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய்.

வேதியியல் பக்கம் இழுத்தது எது?

1861 ஆகஸ்ட் 2-ல், இன்றைய வங்கதேசத்தில் குல்னா பகுதியில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார் ராய். கல்கத்தாவில் பள்ளியில் படிக்கும்போது கடுமையான வயிற்றுப்போக்கு. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அப்பாவின் புத்தக அலமாரிதான் அப்போது அவருக்குப் பள்ளிக்கூடம். உடம்பு அதன்பிறகு முழுசா தேறவே இல்லை. அதனால் எந்த நேரத்தில் எந்த வேலை என்று கணக்குப் போட்டு வாழும் பழக்கம் வந்தது.

பிறகு கட்டணம் குறைவான மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். வேதியியல் வகுப்புக்கு மட்டும் பிரசிடென்சி கல்லூரிக்குப் போவார். அங்கே அலெக்சாண்டர் பெட்லர் மாணவர்கள் கண்முன்னே சோதனைகளைச் செய்து காட்டுவார். அதைப் பார்த்த ராய், நண்பனின் தங்குமிடத்திலேயே சின்னதா ஒரு ஆய்வகம் அமைத்துச் செய்து பார்த்தார். ஒரு நல்ல வகுப்பு ஒரு மாணவனின் திசையையே மாற்றிவிட்டது.

1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை வென்று எடின்பரோ போனார். 1887-ல் டி.எஸ்சி. பட்டம்.

250 ரூபாய் வேலை

அவ்வளவு பெரிய பட்டத்தோடு ஊர் திரும்பியவருக்குச் சுமார் ஒரு வருஷம் வேலை கிடைக்கவில்லை. கல்வித்துறையின் உயர் பணிகள் அப்போது பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில். கடைசியில் 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி, மாதம் 250 ரூபாய்.

இங்கேதான் நீங்க கவனிக்க வேண்டிய விஷயம் வருது. மூத்த பேராசிரியர்கள் ஆரம்ப வகுப்புகளை இளையவர்கள் தலையில் கட்டுவது வழக்கம். ராய் நேர் எதிர். புதுசா வரும் மாணவர்களுக்குத்தான் சிறந்த ஆசிரியர் தேவை என்று நினைத்து, அந்த வகுப்புகளைத் தானே எடுத்தார். அடிப்படையை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் பின்னாடி திருத்த நேரம் செலவாகாது. ஆள் குறைவான ஒரு துறைக்கு இது பெரிய மிச்சம்.

பெட்லரிடம் பார்த்ததுபோல அவர் வகுப்பிலும் சோதனைகள் நடக்கும். எலும்பை எரித்துச் சாம்பலாக்கி, அது இப்போது வெறும் கால்சியம் பாஸ்பேட்தான் என்று காட்ட ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார் என்று சொல்வார்கள். பார்த்த மாணவன் மறப்பானா?

சத்யேந்திர நாத் போஸ், மேகநாத் சாஹா, நீல்ரத்தன் தர் எல்லாரும் அந்தக் கல்லூரியில் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

வகுப்பிலிருந்து தொழிற்சாலைக்கு

பட்டம் வாங்கிய இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கு வரிசையில் நிற்பது அவரை உறுத்தியது. படித்த வேதியியலை வைத்து ஏதாவது தயாரிக்க முடியாதா? 1892-ல், தன் சேமிப்பு 700 ரூபாயோடு, வாடகை வீட்டில் பெங்கால் கெமிக்கல் ஒர்க்ஸை ஆரம்பித்தார். பகலில் கல்லூரி, மாலையில் மருந்து தயாரிப்பு. கசாப்புக் கடை எலும்புகளை வாங்கி மாடியில் காயவைக்க, காக்காய்கள் அள்ளிப்போட்டு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததும் நடந்தது. உள்நாட்டு மருந்தா என்று கடைக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். ஆனாலும் 1901-ல் அது லிமிடெட் கம்பெனியானது. இன்று அது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம்.

இளம் வேதியியலாளர்கள் படித்ததைக் கையால் செய்து கற்க ஒரு இடம் உள்ளூரிலேயே கிடைத்தது.

நிதி இல்லாத அறிவியல் கல்லூரி

1916-ல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு. அடுத்து, துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி 1914-ல் அடிக்கல் நாட்டிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியல் பாலித் பேராசிரியர் ஆனார். தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்களின் நன்கொடைதான் அந்தக் கல்லூரிக்கு அடித்தளம். அரசுப் பணம் குறைவாகவே வந்தது. 1922-ல் அரசு நிபந்தனைகளோடு பணம் தர முன்வந்தபோது, சுதந்திரம் போய்விடும் என்று ஆசுதோஷ் மறுத்துவிட்டார். நம்ம சி.வி.ராமன் 1917-ல் இயற்பியல் பாலித் பேராசிரியராகச் சேர்ந்ததும் இதே கல்லூரியில்தான்.

1921-ல் ராய்க்கு 60 வயது. அதிலிருந்து தன் முழுச் சம்பளத்தையும் வேதியியல் துறைக்கும் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்குமே திருப்பிக் கொடுத்தார். 75 வயதில் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்தில் ஒரே ஒரு அறை, அதுதான் வீடு. 1944 ஜூன் 16-ல் அங்கேயே காலமானார்.

சரி, இதிலிருந்து என்ன எடுத்துக்கலாம்?

அவருடைய தியாகத்தை மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒரு பேராசிரியர் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்தால்தான் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும் என்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கு. குடும்பமும் வீட்டுக் கடனும் உள்ள இன்றைய கௌரவ விரிவுரையாளரிடம் ராய் மாதிரி வாழச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனால் அவர் செய்ததில் பணமே தேவைப்படாத காரியங்களும் இருந்தன. சிறந்த ஆசிரியரை முதலாம் ஆண்டுக்கு அனுப்புவது ஒன்று. சொல்வதைச் செய்து காட்டுவது இன்னொன்று. மாணவன் படித்ததை எங்கே பயன்படுத்துவான் என்று ஆசிரியரே யோசிப்பது மூன்றாவது. அடுத்த முறை உங்க கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்புக்குக் கூப்பிட்டால், முதலாம் ஆண்டு வகுப்பை இப்போ யார் எடுக்கிறாங்கன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. கல்லூரியைப் பற்றி நிறைய தெரிந்துவிடும்.