கடையில் பாகங்களை வாங்கி வீட்டிலேயே பிஸ்டல்... 100 ஆண்டுகள் தாண்டியும் மவுசு குறையாத '1911': உருவாக்கிய ஜான் பிரவுனிங் யார்?

பழைய புல்லட்டை பிரித்து மாட்டுவது நம்ம ஊரில் சிலருக்கு பொழுதுபோக்கு. அமெரிக்காவில் அதே மாதிரி ஒரு கூட்டம், உதிரிபாகங்களை வாங்கி '1911' என்ற பிஸ்டலை தாங்களே பொருத்துகிறது. 100 வருஷத்துக்கு முந்தைய இந்த டிசைனில் அப்படி என்ன இருக்கு?

யார் இந்த பிரவுனிங்?

1855-ல் அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் ஊரில் பிறந்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். அப்பா ஜோனத்தன் துப்பாக்கி செய்பவர். அவரது பட்டறைதான் ஜானுக்கு பள்ளிக்கூடம். சிறுவனாக இருக்கும்போதே அங்கே சொந்தமாக ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். 1879-ல் முதல் காப்புரிமை. அந்த ரைஃபிளின் உரிமையை 1883-ல் வின்செஸ்டர் நிறுவனம் 8,000 டாலருக்கு வாங்கியது.

ஆனால் ஒரு ஷாட்கன் விஷயத்தில் மோதல் வந்தது. விற்பனைக்கு ஏற்ப ராயல்டி வேண்டும் என்றார் பிரவுனிங். வின்செஸ்டர் மறுத்தது. டிசைனை பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்கு கொண்டுபோய்விட்டார்.

1911 பிறந்த கதை

பிலிப்பைன்ஸ் போரில் சிறிய தோட்டாக்கள் எதிரியை நிறுத்தவில்லை என்பது அமெரிக்க ராணுவத்தின் புகார். .45 காலிபர் பிஸ்டல் கேட்டார்கள். கோல்ட் நிறுவனத்துக்காக பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டல், இறுதி சோதனையில் 6,000 தோட்டாக்களை ஒருமுறைகூட சிக்காமல் சுட்டது. 1911 மார்ச் 29-ல் ராணுவம் அதை ஏற்றது. அந்த வருஷமே அதன் பெயரானது. 1985-ல் பெரெட்டா வரும்வரை அதுதான் அமெரிக்க ராணுவத்தின் பிரதான பிஸ்டல்.

ஏன் இன்னும் மவுசு?

சுட்டதும் குழலும் மேலே உள்ள ஸ்லைடும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும். குழல் கீழே இறங்கி விலகும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய் காலி உறையை வெளியே தள்ளி, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களுக்கு இதுதான் அடிப்படை. தனிக் கருவி இல்லாமலே கழற்றிவிடலாம். காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் பல நிறுவனங்கள் பாகங்களை தயாரிக்கின்றன.

இருந்தாலும் வாங்கியதை அப்படியே மாட்டிவிட முடியாது. நல்லா பொருந்த அரத்தால் தேய்க்கணும். கொஞ்சம் கூடுதலாக தேய்ந்தால், விரல் படாமலே வெடிக்கிற ஆபத்து உண்டு.

இந்தியாவில் முடியுமா?

முடியாது. ஆயுதச் சட்டம் 1959-ன்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம்.

மறுபக்கம்

பிரவுனிங் பெயரில் 128 காப்புரிமைகள். அவர் டிசைன் செய்த இன்னொரு பிஸ்டலால்தான் 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்ட் சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து முதல் உலகப்போர் மூண்டது. அந்தப் போரிலும் அடுத்த உலகப்போரிலும் அவரது இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின.

1926 நவம்பர் 26. எஃப்.என். ஆலையில் புதிய பிஸ்டல் வேலையில் இருந்தபோது மாரடைப்பில் இறந்தார், வயது 71. மிச்ச வேலையை டியூடோனே சைவ் முடிக்க, 1935-ல் 'ஹை-பவர்' வெளிவந்தது. அதே டிசைன்தான் நம் இஷாபூர் ஆலையில் 9 எம்.எம். பிஸ்டலாக தயாராகி, இந்திய ராணுவ வீரர்களின் இடுப்பில் ஏறியது.