சின்னச் சொல்லை மதித்த சீனிவாச சாஸ்திரியார்

எர்ணாவூரில் ஆலைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடப் படிக்காத பாட்டிக்கும் ‘லே ஆஃப்’ என்றால் என்ன என்று தெரியும்.

ஆலையில் வேலை இல்லை. வீட்டில் இருக்க வேண்டும். பாதிச் சம்பளம்தான் வரும். அதுதான் லே ஆஃப்.

அதே பாட்டிக்கு ‘லே அவுட்’ என்பதும் தெரியும். அது வீட்டு மனைப் பிரிவு.

‘லே’ என்றால் வைப்பது, கிடத்துவது. அந்தச் சொல் மாறவில்லை. பின்னால் ஒட்டிய குட்டிச் சொல்தான் மாறியது. ஒரு வால் ஒட்டினால் கவலை. இன்னொரு வால் ஒட்டினால் சொந்த வீட்டுக் கனவு!

ஆங்கிலத்தில் பெரிய பெரிய சொற்களை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் இந்த வால் சொற்கள் ஆளைக் கவிழ்த்துவிடும். 1755-ம் ஆண்டு ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டாருக்கு மிகவும் கடினமான இடம் இதுதான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கடினமான இடத்தையும் கடந்து, ஆங்கிலேயரே வியக்கும்படி பேசினார் ஒரு தமிழர். அவர்தான் வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று புகழ் பெற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரி.

ஏழைப் புரோகிதர் மகன்

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை ஏழைப் புரோகிதர். கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்ற சாஸ்திரியார், மாயவரத்தில் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு சேலத்தில் கற்பித்தார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார்.

அந்த நாளில் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க நெஸ்பீல்டு என்ற ஆங்கிலேயர் எழுதிய இலக்கண நூலே வேதம். அந்த நூலிலேயே சாஸ்திரியார் பிழை கண்டு திருத்தினார் என்று சொல்வார்கள்.

மொழியோடு அவர் நின்றுவிடவில்லை. டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் அழைக்கும் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தோன்றியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர்.

பார்வை ஒன்று, பொருள் பல

ஆங்கிலத்தில் ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. ‘லுக் இன்டு’ என்றால் விசாரி. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘லுக் டவுன் ஆன்’ என்றால் இளக்காரமாக நினை.

தமிழில் மட்டும் என்ன? குழந்தையைப் பார் என்பது வேறு. குழந்தையைப் பார்த்துக்கொள் என்பது வேறு. ஒரு கை பார்த்துவிடு என்பது முற்றிலும் வேறு! தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் இங்கேதான் திணறுவார். ஆகவே ஆங்கிலத்தில் நாம் திணறினால் அதில் வெட்கம் எதற்கு?

கடல் கடந்த பேச்சு

1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சாஸ்திரியார் சேர்ந்தார். 1915-ல் கோகலே காலமானதும் அதன் தலைவரானார். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கானடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த இந்தியருக்கு உரிமை கேட்டுப் பேசினார்.

1927-ல் இந்திய அரசின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனார். கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் குடும்பங்கள் அங்கே ஏராளம். வெள்ளையர் அவர்களை இளக்காரமாகவே பார்த்தனர். அந்த வெள்ளையர் முன்னாலேயே, அவர்களுடைய மொழியிலேயே, நம்மவருக்காகச் சாஸ்திரியார் வாதாடினார். இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெற டர்பனில் அவர் முயற்சியால் ஒரு கல்விக்கூடம் எழுந்தது. அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர்.

அவரை வெள்ளைக்காரருக்கு வேண்டியவர் என்று ஏசியவர்களும் உண்டு. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த இருவரின் நட்பு முறியவில்லை. இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு. சாஸ்திரியார் பத்து நாள் மூத்தவர்!

பெயர் வேண்டாம்!

காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்கினார். 1940-ல் அது ஒரே புத்தகமாக வெளிவருவதற்கு முன், ஆங்கில நடையைத் திருத்தித் தந்தவர் சாஸ்திரியாரே. அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். தம் பெயரை வெளியிடக் கூடாது!

உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் படித்த நூல் அது. அதைச் செப்பனிட்டவர் பெயர் அதில் இல்லை.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் அவர் இருந்தார். 1946-ம் ஆண்டு தொடக்கத்தில் அவர் சென்னை மருத்துவமனையில் படுத்திருந்தபோது, காந்தியடிகள் நேரில் வந்து பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

ஆலையிலிருந்தோ, பாங்கியிலிருந்தோ, பிள்ளையின் பள்ளியிலிருந்தோ ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், பெரிய சொல்லை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பின்னால் நிற்கும் குட்டிச் சொல்லையும் பாருங்கள். அகராதியில் ‘லுக்’ என்ற சொல்லுக்குக் கீழேயே அதன் வால்களும் வரிசையாக இருக்கும். சொல்லையும் வாலையும் பிரிக்காமல், ஒரே சொல்லாகவே மனத்தில் வையுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள்.

வலங்கைமான் புரோகிதர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பிறவிமொழி அல்ல. படித்துப் பெற்றதுதான். எர்ணாவூர்ப் பிள்ளைக்கு மட்டும் அது வராமலா போய்விடும்?