ஓவியமே ஆனவர்

நீதி, வெற்றி, புகழ் முதலிய அருவப் பண்புகளைப் பெண்ணுருவில் தீட்டுவது ஐரோப்பிய ஓவியர்தம் மரபு. அவ்வாறு அமைவன உருவக ஓவியங்கள் எனப்படும். ஓவியக்கலையைப் பெண்ணாகப் படைத்து, அப்பெண்ணுக்குத் தம் உருவையே தந்தவர் பரோக் பாணியில் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் ஆர்த்தெமிசியா ஜென்டிலெஸ்கி.

1593ஆம் ஆண்டு ரோம் நகரில் பிறந்த ஆர்த்தெமிசியா, பன்னிரண்டாம் அகவையில் தாயை இழந்தார். ஓவியரான தந்தை ஒராட்சியோவின் பணிக்கூடமே அவருக்குப் பள்ளியாயிற்று. 1610இல் அவர் தீட்டிய 'சூசன்னாவும் முதியோரும்' என்னும் ஓவியம் அவரது திறனை உணர்த்தியது.

1611இல், தந்தையுடன் பணியாற்றிய ஓவியர் அகோஸ்தினோ தாஸ்ஸி அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். அடுத்த ஆண்டு வழக்கு நடைபெற்றது. தம் சொல் உண்மையென மெய்ப்பிக்க, பாதிக்கப்பட்ட ஆர்த்தெமிசியாவே சித்திரவதையை ஏற்க நேர்ந்தது. தூரிகை பிடிக்கும் அவருடைய விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினர். அவ்வலியிலும் அவர் தம் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தாஸ்ஸி குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. எனினும், தண்டனை முறையாக நிறைவேற்றப்படவில்லை.

திருமணத்திற்குப்பின் ஆர்த்தெமிசியா புளோரன்சு நகருக்குச் சென்றார். 1616இல் அந்நகரின் ஓவியக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட முதற்பெண் என்னும் சிறப்பைப் பெற்றார். அறிவியலறிஞர் கலிலியோவின் நட்பும் அவருக்குக் கிட்டியது. பின்னர் நேப்பிள்சு நகரில் பணிக்கூடம் அமைத்து வாழ்ந்த அவர், 1638ஆம் ஆண்டளவில் இலண்டனுக்குச் சென்றார். அங்கு முதலாம் சார்லசு மன்னரின் அரண்மனையில் முதிய தந்தை ஓவியராகப் பணியாற்றி வந்தார்.

அக்காலத்தில் உருவானதாகக் கருதப்படுவதே 'ஓவியக்கலையின் உருவகமாகத் தன்னுருவம்' என்னும் படைப்பு. உருவகங்களைத் தீட்டுவோர்க்கு இலக்கண நூலாக விளங்கியது செசாரே ரீப்பா இயற்றிய 'இக்கனோலோகியா'. ஓவியக்கலை என்பவள் கலைந்த கருங்கூந்தலும், முகமூடிப் பதக்கம் தொங்கும் பொற்சங்கிலியும், நிறம் மாறி ஒளிரும் ஆடையும் உடையவள் என்பது அந்நூலின் விதி. கலைந்த கூந்தல் படைப்பார்வத்தையும், முகமூடி இயற்கையைப் போலச் செய்தலையும் குறிக்கும். ஓவியம் பேசாக்கலை ஆதலின், அவள் வாய் துணியால் கட்டப்பட்டிருக்கும்.

ஆர்த்தெமிசியா கூந்தலையும் சங்கிலியையும் ஆடையையும் அவ்வாறே தீட்டினார். வாய்க்கட்டை மட்டும் நீக்கிவிட்டார். ஓவியத்திலுள்ள பெண் நம்மை நோக்கவில்லை. ஒரு கையில் வண்ணத்தட்டு ஏந்தி, மறுகையில் தூரிகையை உயர்த்தித் தன் வேலையிலேயே ஆழ்ந்திருக்கிறாள். தம்மை இத்தகைய கோணத்தில் காண, ஓவியர் இரு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தியிருக்க வேண்டும் என்பர் கலை ஆய்வாளர்.

ஆண் ஓவியர் ஒருவர் ஓவியக்கலையைத் தீட்ட, வேறொரு பெண்ணுருவை நாடவேண்டும். ஆர்த்தெமிசியாவிற்கு அத்தேவை எழவில்லை. தீட்டுபவரும் தீட்டப்படுபவரும் கலையும் இங்கு ஒருவரே. வதைக்கு அஞ்சாமல் உண்மையுரைத்தவரின் வாழ்வை அறிந்து நோக்குவோர்க்கு, அந்தக் கட்டில்லா வாய் ஆழ்ந்த பொருள் தருகிறது.

1639இல் தந்தை மறைந்தார். சில ஆண்டுகளில் நேப்பிள்சு திரும்பிய ஆர்த்தெமிசியா, 1650களில் மறையும்வரை ஓவியத் தொழிலைக் கைவிடவில்லை. அவர் தம்மையே தீட்டிய அவ்வோவியம் இன்றும் இங்கிலாந்து அரச ஓவியத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.