கல்லெறிய வந்தவர்கள் கேட்ட கதை

சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் சாலையில் பலமனேர் என்னும் ஊர் உள்ளது. திருப்பதி மலைகளுக்கு மேற்கேயுள்ள இப்பகுதிக்கு 1860ஆம் ஆண்டில், ஏறக்குறைய 25 வயதுடைய ஓர் இளைஞர் தம் மனைவியுடன் வந்து சேர்ந்தார். அவரே அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஊழியரும் மருத்துவருமான ஜேக்கப் சேம்பர்லேன்.

1835இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த இவர், இறையியலும் மருத்துவமும் பயின்றவர். தமிழையும் தெலுங்கையும் கற்றார். 1863இல் மதனப்பள்ளி இவருடைய ஊழியத்தலமாயிற்று. அவ்வாண்டிலேயே சுதேச ஊழியர் சிலருடன், சுவிசேஷப் பிரதிகளைச் சுமந்துகொண்டு, நிஜாமின் ஆளுகைக்குட்பட்ட ஐதராபாத் நாட்டின் வழியாக வடக்கு நோக்கிப் பயணமானார். அப்பயணத்தில் புலிகள் உலாவிய காட்டை அவர் கடந்த கதையைத்தான் பலரும் எடுத்துரைப்பர். ஆனால் ஒரு கோட்டை நகரின் கடைவீதியில் நிகழ்ந்தது அதனினும் பெரிது.

அங்கே அவருடைய போதனையைக் கேட்டவர்கள் சினங்கொண்டனர். கூட்டம் பெருகி வழியை அடைத்தது. கைகளில் கற்கள் ஏறின. சேம்பர்லேன் தர்க்கிக்கவில்லை, வெள்ளையர் ஆட்சியின் பெயரைச் சொல்லி மிரட்டவுமில்லை. கல்லெறிவதற்கு முன்பு ஒரு கதையைக் கேட்குமாறும், கேட்ட பின்னர் விரும்பியபடி செய்துகொள்ளுமாறும் பணிவுடன் வேண்டினார். கடைவீதிப் பிரசங்கங்கள் வாக்குவாதத்தில் தொடங்கிக் கைகலப்பில் முடிவது அரிதல்லாத அக்காலத்தில், தன் உயிரை எதிராளிகளின் கையிலேயே விட்டுவிட்டுப் பேசத் துணிவது எளிதன்று.

இயேசுவின் பிறப்பு, நோயாளிகள்மீது அவர் காட்டிய இரக்கம், சிலுவையில் அவர் பட்ட பாடு ஆகியவற்றைத் தெலுங்கில் எடுத்துரைத்தார். எவருடைய சமயத்தையும் அப்போது அவர் தாக்கவில்லை. முன்வரிசையில் நின்றோரின் கண்கள் கலங்கின. கற்கள் ஒவ்வொன்றாய்க் கீழே விழுந்தன. சற்றுமுன் சீறிய மக்களே சுவிசேஷப் பிரதிகளை விலை கொடுத்து வாங்கினர். நகர வாயில்வரை அவரை வழியனுப்பினர்.

அப்பயணத்தில் பற்றிய காட்டுக்காய்ச்சல் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. உடல்நலங்குன்றித் தாய்நாடு சென்றபோதும் மீண்டும் மதனப்பள்ளிக்கே திரும்பினார்.

தெலுங்கு வேதாகமத் திருத்தக்குழுவின் தலைவராக அவர் 1873 முதல் 1894 வரை பணியாற்றினார். வெவ்வேறு சபைப் பிரிவினர் கூடி ஒவ்வொரு சொல்லையும் எடைபோடும் பணி அது. வெளியார் எறியும் கல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். உடன் ஊழியர் மறுத்துப் பேசும் சொல்லைப் பொறுப்பது சில வேளைகளில் அதைவிடக் கடினம். இருபதாண்டுகளுக்கு மேலாக அவ்விருக்கையில் அவர் நிலைத்திருந்தார்.

கடல்கடந்த நாடுகளின் சபைப் பிரிவினைகளை இந்திய மண்ணில் நடுவது அவருக்கு உடன்பாடன்று. அதனால் சபைகளின் ஐக்கியத்துக்காக உழைத்தார். ஆற்காடு மிஷனின் சபைகளும் ஸ்காட்லாந்து மிஷனின் சபைகளும் ஒன்றிணைந்தபோது, 1902இல் அச்சங்கத்தின் தலைவராக அவரே தெரிந்தெடுக்கப்பட்டார்.

1908 மார்ச் 2ஆம் நாள் மதனப்பள்ளியில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவ்வாண்டிலேயே லண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன் சபைகளும் அந்த ஐக்கியத்தில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, அவர் ஊழியம் செய்த பகுதியின் சபைகளும் அதில் இணைந்தன.