சொல்லாகிப் போன மனிதர்

கணிப்பொறியோடு பழகும் மாணவர் நாவில் நாள்தோறும் பன்முறை வரும் சொல் அல்காரிதம். ஒரு கணக்கை ஐயத்திற்கிடமின்றிப் படிப்படியாகச் செய்து முடிக்கும் முறை என்பது அதன் பொருள். ஆயினும் அச்சொல் தோன்றியது ஒரு மனிதரின் பெயரிலிருந்தே என்பதை நம்மில் பலர் அறியோம்.

அவர் முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி. சுமார் 780-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே இருந்த நாடு குவாரிஸம். குவாரிஸ்மி என்றால் அந்நாட்டார் என்று பொருள். நம்மவர் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வதைப் போன்றதே இதுவும்.

அவர் புகழ் பெற்றது பாக்தாத் நகரில். 813 முதல் 833 வரை ஆண்ட காலிபு அல்-மாமூன் கற்றவரைப் போற்றிய மன்னர். அவர் ஆதரவில் 'அறிவு இல்லம்' செழித்தது. பிறமொழி நூல்கள் அரபு மொழிக்குப் பெயர்ந்தன. அதற்கு முன்னரே, எட்டாம் நூற்றாண்டில், இந்திய வானநூற் கணக்குகள் அந்நகரை அடைந்திருந்தன. அவற்றைத் தழுவி அல்-குவாரிஸ்மி வானியல் அட்டவணைகள் தொகுத்தார். ஒன்பது இலக்கங்களும் பூச்சியமும் கொண்டு எந்த எண்ணையும் எழுதும் முறையை விளக்கத் தனி நூலும் செய்தார். அதைத் தம் கண்டுபிடிப்பென்று உரிமை கொண்டாடவில்லை. இந்தியரின் கணக்கென்றே குறித்தார்.

அவருடைய மற்றொரு நூலின் தலைப்பில் உள்ள அல்-ஜப்ர் என்னும் சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. வாரிசுப் பங்கீடு, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்குப் பயன்படவே அதனை எழுதினார். அதில் வரும் கணக்கொன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39-உடன் கூட்ட 64. அதன் வர்க்கமூலம் 8. அதில் முன்சொன்ன 5-ஐக் கழிக்க 3. அதுவே விடை. குறியீடு எதுவுமின்றி, முழுவதும் சொற்களாலேயே விளக்கினார். சதுரம் வரைந்து மெய்ப்பித்தும் காட்டினார். கணக்கில் வரும் எண்களை மாற்றினாலும் படிகள் மாறா. இன்று கணிப்பொறிக்கு நாம் எழுதித் தருவதும் இத்தகைய படிகளே அன்றோ!

சுமார் 850-இல் அவர் மறைந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் நூல்கள் லத்தீன் மொழிக்குச் சென்றன. பெயர் அல்கோரிஸ்மி எனத் திரிந்தது. நாளடைவில் அது ஒருவரின் பெயர் என்பதே மறந்து, புதிய இலக்கங்களால் கணக்கிடும் முறைக்கே பெயராகி நின்றது. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சாயலும் பின்னர் அதில் படிந்து, இன்றைய அல்காரிதம் பிறந்தது. எளிதில் திருத்தப்படலாம் என்று அஞ்சி, 1299-இல் பிளாரன்ஸ் நகர நாணய மாற்றுவோர் சங்கம் இவ்விலக்கங்களைத் தன் கணக்கேடுகளில் விலக்கிற்று. விலக்கிய நகரமே பின்னர் அவற்றால் வாணிகம் செய்தது.

தோழர்களே, பூச்சியம் நம் நாட்டுக் கொடை என்று மேடையில் முழங்குவது எளிது. பிறர் கொடுத்ததைக் கற்று, கொடுத்தவரைக் குறிப்பிட்டு, எளியோர்க்கும் விளங்க எழுதி வைப்பது அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் அல்-குவாரிஸ்மி. கொடுத்தவரை அவர் மறக்கவில்லை. அவரை மட்டும் நாம் மறக்கலாமா?