சில்லுச் சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு? ராபர்ட் நாய்ஸின் கதை

ஒரு சில்லு நிறுவனத்தின் சந்தைப் பங்கு சரிந்தது என்று செய்தியில் பார்த்தால் உடனே முடிவுக்கு வந்துடாதீங்க. எந்தச் சந்தை, எப்படி அளந்தார்கள் என்று முதலில் கேளுங்க. ஏன் என்று புரிய, ராபர்ட் நாய்ஸைத் தெரிந்துகொள்ளலாம்.

1927இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை கிறிஸ்துவப் போதகர். 1957இல் ஏழு பேருடன் சேர்ந்து ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே சிலிக்கன் துண்டில் முழு மின்சுற்றையும் உருவாக்கும் வழியை 1959இல் வகுத்தார்.

விலையைக் குறைத்தார்

புதிய சில்லை வாங்கப் பலர் தயங்கினார்கள். 1960களில், தயாரிப்புச் செலவைவிடக் குறைவான விலைக்கே விற்க முடிவெடுத்தார் நாய்ஸ். விற்பனை பெருகியது, செலவும் இறங்கியது.

இங்கேதான் முதல் பாடம். விற்ற சில்லுகளின் எண்ணிக்கையில் வரும் பங்கு வேறு, வருவாயில் வரும் பங்கு வேறு. மலிவாக விற்பவருக்கு முதலாவது அதிகம் தெரியும்.

ஒரே நிறுவனம், இரண்டு கதை

1968இல் கோர்டன் மூருடன் இன்டெல்லைத் தொடங்கினார். 1971இல் 4004 செயலி வந்தது. 1972இல் பினாங்கில் ஆலை திறந்தது.

1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுச் சந்தையைப் பிடித்தன. 1985இல் இன்டெல், டிராம் எனும் நினைவகச் சில்லுத் தொழிலைக் கைவிட்டது. நினைவகத்தை மட்டும் பார்த்தால் இன்டெல் தோற்றுவிட்டது. ஆனா 1981இலிருந்தே ஐபிஎம் தனிநபர் கணினிக்குள் இருந்தது அதன் செயலிதான்.

ஒட்டுமொத்த உலகச் சந்தையில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது நாய்ஸைக் கவலைப்பட வைத்தது. 1988இல், 60 வயதில், அமெரிக்க நிறுவனங்களும் அரசாங்கமும் சேர்ந்து அமைத்த செமாடெக் கூட்டமைப்பின் தலைவரானார். அதற்காக டெக்சஸுக்கே குடிபெயர்ந்தார்.

1990 ஜூன் 3ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். சில ஆண்டுகளில் அமெரிக்கா மீண்டும் முதலிடம் பிடித்தது. செமாடெக் மட்டுமே காரணமல்ல. செயலிகளுக்கான தேவை பெருகியதும் முக்கியக் காரணம். அதைப் பார்க்க அவர் இல்லை.

நமக்கு என்ன?

நாட்டுவாரிக் கணக்கில் பொதுவாகப் பார்ப்பது நிறுவனத்தின் தலைமையகத்தை. பினாங்கில் நம்மவர்கள் பொருத்திச் சோதித்த சில்லும் அமெரிக்கப் பங்காகத்தான் பதிவாகும்.

அடுத்த முறை ஒரு விழுக்காட்டைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்க: எந்த வகைச் சில்லு? எண்ணிக்கையா, வருவாயா? யார் கணக்கில் சேர்த்தார்கள்?